சமுத்திரத்தின் ஆழத்தில் ஈயம்



இம்மாதச் செய்திக்காக முழங்காலில் நின்றபோது ஆவியானவர் மீகா 7:19-ஐத் திரும்பத் திரும்ப என் முன் வைத்தார். வேறு வசனம் தாரும் ஆண்டவரே என்று கேட்டுப் பார்த்தேன். தரவில்லை. ஏன் தரவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வசனத்தைத் தொட்டால் 2018-ல் நடந்த ஒரு காரியத்தையும் சொல்லவேண்டி வரும். அதைச் சபையில் முழுவதுமாக நான் ஒருநாளும் சொன்னதில்லை. சாட்சி என்றால் ஜெயித்த கதையை மட்டும் சொல்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இன்றைக்குத் தோற்ற கதையையும் சொல்கிறேன். பொறுமையோடு வாசியுங்கள்.

அந்த வருஷம் மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்தது. நன்றாக வசனம் ஒப்புவித்த பிள்ளைகளையும், பாடம் எடுத்த வாலிபரையும் எங்கேயாவது அழைத்துப்போகவேண்டும் என்று சபையார் பிரியப்பட்டார்கள். ஊட்டி என்றார்கள், கொடைக்கானல் என்றார்கள். கையிருப்பை எண்ணிப் பார்த்ததும் பூம்புகார், தரங்கம்பாடி என்று முடிவாயிற்று. ஒரு மினி பஸ், இருபத்தேழு பேர். சகோதரிமார் ராத்திரியே கிண்டிய புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு, விடியற்காலை நான்கு மணிக்கு ஜெபித்துத் திருச்சியை விட்டுப் புறப்பட்டோம். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் என்று வழி நெடுக ஆற்றோடேயே பிரயாணம். முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, ஸ்ரீரங்கத்தைக் கையில் ஏந்தின மாதிரி இரண்டு பக்கமும் போகிற நம்முடைய ஆறு, கல்லணை தாண்டி வாய்க்கால் வாய்க்காலாகத் தன்னைக் கொடுத்துவிட்டுப் பூம்புகாருக்குப் போய்ச் சேரும்போது ஒரு சிறிய ஓடை அளவுதான் இருக்கிறது. "இதுவா ஐயா நம்ம காவேரி?" என்று பிள்ளைகள் நம்பவே மாட்டேன் என்றார்கள்.

பூம்புகாரில் தமிழ்நாடு தொல்லியல் துறையார் 1997-ல் ஏற்படுத்திய ஆழ்கடல் அகழ்வைப்பகம் ஒன்று உண்டு. கடலுக்கடியிலும் கரையோரத்திலும் கிடைத்த பொருட்களை அங்கே வைத்திருந்தார்கள். பானை ஓடுகள், மணிகள், பழைய செங்கல். பக்கத்துக் கீழையூரில் 1960-களில் தோண்டியபோது செங்கலால் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. இதையெல்லாம் பெரியவர்கள் நின்று பார்த்தோம். பிள்ளைகள் நிற்கவில்லை. வருகிற வழியிலே ஒரு வாலிபத் தம்பி, "மூழ்கின கப்பல்லேர்ந்து எடுத்தது அங்க இருக்கு" என்று ஆசை காட்டிவிட்டான். அவ்வளவுதான், எல்லாருக்கும் பொற்காசுப் பெட்டி கண்ணில் ஆடத் தொடங்கிவிட்டது.

கப்பல் உண்மைதான். 1991-ல் கோவாவிலுள்ள தேசிய கடலியல் ஆய்வு நிறுவனத்தாரும் நம் மாநிலத் தொல்லியல் துறையினரும் பூம்புகாருக்கு எதிரே கடலில் தேடியபோது, சுமார் 19 மீட்டர் ஆழத்தில் உடைந்த கப்பல் ஒன்றின் மிச்சங்களைக் கண்டார்கள். அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தில் கப்பலாட்கள் விழுதுவிட்டு ஆழம் பார்த்த கணக்கில் சொன்னால் ஏறக்குறைய பத்து பாகம். அதிலிருந்து எடுத்தது என்ன தெரியுமா? ஈயக்கட்டிகள். பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. படகு மாதிரி நீண்டு, கறுத்து, அழுக்குப் பிடித்த ஈயம்.

எட்டு வயசுப் பையன் ஒருவன் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "ஐயா, இதுவா புதையல்?" என்றான். அழுகிற முகம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கட்டியில் பொறித்திருந்ததைப் பற்றி வாசித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"டபிள்யூ. பிளாக்கெட்" என்று ஒரு பெயர். 1791, 1792 என்று வருஷம்.

பிளாக்கெட் குடும்பத்தார் இங்கிலாந்தின் வடபகுதியில் ஈயச் சுரங்கங்கள் வைத்திருந்த செல்வந்தர்கள். பிற்பாடு இதைப் பற்றித் தேடி வாசித்தபோது ஒன்று தெரிந்தது. வில்லியம் என்ற பெயரில் அந்த வீட்டில் கடைசியாகச் சுரங்கம் வைத்திருந்தவர் 1728-லேயே மரித்துப்போனார். அடுத்து வந்த வால்டர் பிளாக்கெட் 1777-ல் மரித்தார். 1791-ல் உடைமைக்காரர் தாமஸ் என்ற வேறொருவர். ஆனாலும் உருக்கி வார்க்கிற கட்டியிலெல்லாம் அந்தப் பழைய "டபிள்யூ" விழுந்துகொண்டே இருந்தது. பிரியமானவர்களே, ஆள் போய்விட்டான், அச்சு போகவில்லை! கல்லறைக்குப் போனவனுடைய பெயரைச் சுமந்துகொண்டு ஈயம் பாதி உலகம் சுற்றி வந்து, நம் காவிரியின் வாயிலே படுத்துக் கிடந்தது. லூக்கா 12-ல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானிடம் தேவன் கேட்ட கேள்வி உங்களுக்குத் தெரியும். சேர்த்ததெல்லாம் யாருக்குப் போகும்? பிளாக்கெட்டின் ஈயம் இருநூறு வருஷம் நண்டுக்கும் மீனுக்கும் வீடானது.

நான் வாரநாட்களில் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கைவேலை செய்து பிழைக்கிறவன் என்று நீங்கள் அறிவீர்கள். ஈயத்தோடு எனக்குப் பழக்கம் உண்டு. சரக்கு வாகன் கதவுக்கு முத்திரை வைப்பது ஈயத்தில். பேரிங்குக்கு வார்க்கிற வெள்ளை உலோகத்திலும் ஈயம் சேரும். ஒரே அளவு இரும்பையும் ஈயத்தையும் இரண்டு கையில் தூக்கிப் பாருங்கள், ஈயக் கை தானாகக் கீழே போகும். இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். ஆனால் 327 டிகிரிச் சூட்டிலேயே உருகிவிடும். கனம் அதிகம், தாங்கும் சக்தி குறைவு. சில விசுவாசிகளைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும். முதலாவது என்னைப் பார்க்கும்போது.

வேதத்தில் ஈயம் எங்கெல்லாம் வருகிறது? எண்ணி ஒரு கை விரலுக்குச் சற்று மேலே. யாத்திராகமம் 15:10-ல் பார்வோனுடைய சேனை செங்கடலில் ஈயத்தைப்போல முழுகினதாக மோசே பாடுகிறார். கல்லைப்போல என்று ஐந்தாம் வசனத்தில் சொன்னவர், பத்தாம் வசனத்துக்கு வருமுன் கல்லும் போதாது என்று கண்டாரோ என்னவோ! எசேக்கியேல் 27-ஆம் அதிகாரத்தை ஒருநாள் உட்கார்ந்து வாசியுங்கள். தீரு பட்டணத்தை ஒரு கப்பலாகவே தீர்க்கதரிசி வர்ணிக்கிறார். பலகை எந்த மரம், பாய்மரம் எந்த மரம், துடுப்பு எந்த மரம் என்று தச்சன் மாதிரி சொல்லிக்கொண்டே வந்து, பன்னிரண்டாம் வசனத்தில் தர்ஷீஸ்காரர் கொண்டுவந்த சரக்கைப் பட்டியல் போடுகிறார். வெள்ளி, இரும்பு, தகரம், கடைசியில் ஈயம். இருபத்தாறாம் வசனத்தில் கீழ்க்காற்று அடிக்கிறது. கப்பல் நடுக்கடலில் உடைகிறது. பூம்புகார் கடலும் கிழக்கே பார்த்த கடல்தான் என்பது அந்தக் கட்டியின் முன் நின்றபோது என் நினைவுக்கு வந்தது.

இப்படிப்பட்ட கனத்த சரக்கைக் கப்பலின் அடித்தட்டில்தான் வைப்பார்கள். அது விற்பனைக்கும் ஆகும், கப்பல் காற்றில் சாயாமல் நிற்கவும் உதவும். வெறுங்கப்பல் ஆடும், பாரமுள்ள கப்பல் நிமிர்ந்து நிற்கும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

தேவ ஜனமே, தங்கப் புதையல் கிடைத்தவர்கள் கதையும் உண்டு. ஸ்பெயின் தேசத்துக் கப்பல் ஒன்று, அட்டோச்சா என்று பெயர், 1622-ல் அமெரிக்காவில் ஃபுளோரிடாவுக்குப் பக்கத்தில் புயலில் மூழ்கியது. அதிலே டன் கணக்கில் வெள்ளி, பொன், மரகதம். மெல் ஃபிஷர் என்பவர் அதைத் தேடிப் பதினாறு வருஷம் கடலைத் துழாவினார். இன்றைக்குக் கிடைத்துவிடும், இன்றைக்குக் கிடைத்துவிடும் என்று தினமும் சொல்லிக்கொண்டே இறங்குவாராம். 1975 ஜூலை 20 அன்று தேடும் படகு கவிழ்ந்து அவருடைய மகனும் மருமகளும் மரித்துப்போனார்கள். சரியாகப் பத்து வருஷம் கழித்து, 1985-ல் அதே ஜூலை 20 அன்று புதையல் அகப்பட்டது. இப்போது கீ வெஸ்ட் என்ற ஊரில் அதற்கென்று ஒரு மியூசியமே இருக்கிறது. தங்கக் கட்டிகள் போனபடியே பளபளவென்று வந்தன, வெள்ளிக்காசுகள் கறுத்துப் பாறைபோல ஒட்டிக்கொண்டு வந்தன என்கிறார்கள். அந்தத் தகப்பன் அந்தத் தங்கத்தைக் கையில் எடுத்தபோது என்ன நினைத்திருப்பார்? நான் அவரை நியாயந்தீர்க்கவில்லை. மத்தேயு 6-ல் ஆண்டவர் பூச்சியையும் துருவையும் சொன்னார். தங்கத்தைத் துரு தொடவில்லை, சரிதான். வேறொன்று தொட்டுவிட்டது.

மத்தியானம் தரங்கம்பாடிக்குப் போனோம். 1706 ஜூலை 9-ஆம் தேதி சீகன்பால்க் ஐயரும் புளுட்சோ ஐயரும் கரையிறங்கின இடம். கோட்டையைப் பார்த்தோம், 1718-ல் அவர் கட்டின புதிய எருசலேம் ஆலயத்தில் அவருடைய கல்லறையைப் பார்த்தோம். அங்கே உட்கார்ந்து பிள்ளைகளுக்கு நான் சொன்ன கதை இதுதான். இங்கிலாந்திலிருந்து அவருக்கென்று அனுப்பிய அச்சு இயந்திரம் கப்பலில் வரும்போது, பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர் அந்தக் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். அச்சு வேலை தெரிந்த மனிதர் வழியிலேயே ஜுரத்தில் மரித்தார். இயந்திரம் மட்டும் மீட்கப்பட்டு 1712-ல் வந்து சேர்ந்தது. அடுத்து ஜெர்மனியிலிருந்து தமிழ் எழுத்துக்கள் வந்தன. அவை பெரிதாக இருந்தன. அந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் காகிதம் போதாது. என்ன செய்தார்கள்? இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். வெள்ளைக்காரர் சாப்பிட அனுப்பிய பாலாடைக்கட்டியை மூடியிருந்த ஈயத்தை உருக்கி வார்த்தார்கள் என்று சொல்லுவார்கள். 1714-ல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-ல் முழுப் புதிய ஏற்பாடும் தமிழில் வெளிவந்தது. அல்லேலூயா!

பாருங்கள், அதே ஈயம்! இருபது கிலோமீட்டர் தூரத்துக்குள்ளே, ஒரு ஈயம் செத்தவன் பெயரைச் சுமந்து கடலடியில் கிடக்கிறது, இன்னொரு ஈயம் ஜீவ வசனத்தைச் சுமந்து நம் முன்னோர் கைக்கு வருகிறது. யோபு பக்தன் தன் வார்த்தைகள் இரும்பினாலும் ஈயத்தினாலும் கற்பாறையில் பதியவேண்டும் என்று ஏங்கினார் (யோபு 19:24). எதைப் பதிக்க? அடுத்த வசனத்தைப் பாருங்கள், தன் மீட்பர் உயிரோடிருக்கிறார் என்பதைப் பதிக்க.

இதைச் சொல்லி நான் பிள்ளைகளோடே ஸ்தோத்திரம் பண்ணினேன். எல்லாரும் சந்தோஷமாகப் பஸ் ஏறினோம். கும்பகோணம் தாண்டியதும் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. கடைசி ஸீட்டிலே ஆவியானவர் என்னிடத்தில் கேட்டார்: "நீ எதைப் பதித்து வைத்திருக்கிறாய்?"

இனி சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

என் தாயார் ஞானஸ்நானம் எடுத்த நாளில் நகைகளைக் கழற்றினார்கள். கழற்றினதில் ஏழு பவுன் சங்கிலி ஒன்று, என் தங்கையின் கல்யாணத்துக்கென்று இரும்புப் பெட்டியில் இருந்தது. 2007-ல் என் தம்பி ஒருவருக்கும் சொல்லாமல் அதை எடுத்து விற்று, அதிக வட்டி தருகிறோம் என்ற ஒரு நிதி நிறுவனத்தில் போட்டான். மூன்றே மாதத்தில் அவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தங்கைக்குப் பேசியிருந்த சம்பந்தம் தள்ளிப்போயிற்று. அம்மா ஒரு வாரம் அழுதார்கள். எட்டாம் நாள் அவனைக் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள்.

நான் பேச்சை நிறுத்தினேன். அவன் ஸ்ரீரங்கத்தில் வீடு எடுத்துப் போனான். நான் இந்தக் கரை, அவன் அந்தக் கரை. நடுவில் ஒரு காவிரிப் பாலம். பதினொரு வருஷம்.

பேச்சை நிறுத்தினது மட்டும் இல்லை. ஒரு டைரியில் எழுதி வைத்தேன். என்ன தேதியில் எடுத்தான், எத்தனை கிராம், அன்றைக்கு என்ன விலை. ஏழு பவுன், 56 கிராம், ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாய். இதோடும் விட்டேனா? ஒவ்வொரு புத்தாண்டும் ராத்திரி ஆராதனை முடித்து, ஜனங்களுக்கு வாக்குத்தத்த வசனம் கொடுத்து அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து அன்றைய தங்கம் விலையைப் பார்த்து அந்தக் கணக்கைத் திருத்தி எழுதுவேன். 2018 ஜனவரியில் அது ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும்.

2014-ல் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். குழிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். மண் போட்டோம். அவன் என்னைப் பார்த்தான். நான் அங்கி சரி செய்வதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த நான்தான் அந்த வருஷத்தில் மத்தேயு 18-ஆம் அதிகாரத்திலிருந்து மன்னிப்பைக் குறித்து மூன்று வாரம் தொடர் செய்தி கொடுத்தவன். நன்றாக இருந்தது என்று நீங்களே கை கொடுத்தீர்கள்.

இப்போது விளங்குகிறதா? பூம்புகாரில் நான் பார்த்தது தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம். என் உள்ளத்துக்குள்ளே இன்னொன்றை நானே கட்டி வைத்திருந்தேன். கண்ணாடிப் பெட்டி, விளக்கு, சீட்டு எல்லாம் உண்டு. சீட்டிலே தேதி, எடை, மதிப்பு, பெயர். வருஷத்துக்கு ஒருமுறை தூசி தட்டுவதும் உண்டு. பார்வையாளன் நான் ஒருத்தன்.

அடித்தட்டுப் பாரத்தைப் பற்றிச் சொன்னேனே. மன்னிக்காதவன் ஆடிக்கொண்டிருப்பான் என்று நாம் பிரசங்கிக்கிறோம். என் அனுபவம் அது இல்லை. அந்தக் கணக்கு என்னை நிமிர்ந்து நிற்க வைத்தது! என் பக்கம் நியாயம் இருக்கிறது, நான் யார் பொருளையும் எடுக்காதவன் என்கிற அந்தக் கனத்தில்தான் பிரசங்க மேடையில் உறுதியாக நின்றேன். நல்ல காற்று வீசுகிறவரைக்கும் ஈயம் கப்பலுக்குச் சிநேகிதன். புயல் வந்தால்தான் தெரியும் அது யார் பக்கம் என்று. பவுலோடு போன கப்பலில் 276 பேர் இருந்தார்கள். அவர்கள் பிழைத்தது எப்படி? முதலில் சரக்கைக் குறைத்தார்கள். மூன்றாம் நாளில் தங்கள் கைகளாலேயே கப்பலின் தளவாடங்களை எறிந்தார்கள். கடைசியில் சாப்பிடுகிற கோதுமையையே கடலில் கொட்டினார்கள். சிலரோ எறியவேண்டியதை வைத்துக்கொண்டு, வைத்துக்கொள்ளவேண்டியதை எறிந்துவிடுகிறார்கள். நல்மனச்சாட்சியைத் தள்ளிவிட்டு விசுவாசமாகிய கப்பலை உடைத்துக்கொண்டவர்களைப் பற்றி 1 தீமோத்தேயு 1:19 பேசுகிறது.

வீட்டுக்கு வந்து அன்றைக்கு ராத்திரி மத்தேயு 18-ஐ மறுபடியும் திறந்தேன். இந்தத் தடவை ஒர்க்‌ஷாப்காரனாகக் கணக்குப் போட்டேன். தாலந்து என்பது முதலாவது நிறை. சகரியா 5-ஆம் அதிகாரத்தில் மரக்காலுக்கு மூடியாக வருவது ஒரு தாலந்து நிறை ஈயம். ஒரு தாலந்தைக் குறைத்து முப்பது கிலோ என்றே வைத்துக்கொள்வோம். பதினாயிரம் தாலந்து வெள்ளி என்றால் முந்நூறு டன். பத்து டன் லாரியில் ஏற்றினால் முப்பது லாரி. அவ்வளவு கடனை ராஜா தள்ளிவிட்டார். அந்த ஊழியக்காரன் கழுத்தைப் பிடித்தது எதற்காக? நூறு வெள்ளிப்பணம். ஒரு பணம் நாலு கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. நூறும் சேர்ந்தால் அரைக்கிலோகூட இல்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

முப்பது லாரி ஒரு பக்கம். என் தம்பியின் 56 கிராம் ஒரு பக்கம்.

மீகா 7:19 சொல்கிறது என்ன? நம்முடைய அக்கிரமங்களை அவர் மிதித்து, பாவங்களையெல்லாம் சமுத்திரத்தின் ஆழத்திலே போட்டுவிடுகிறார். கரையோரத்தில் போடவில்லை. பத்து பாகத்தில் போட்டால் நம்முடைய ஆட்கள் இறங்கி எடுத்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். போட்ட இடத்தில் மிதவை கட்டி அடையாளமும் வைக்கவில்லை. அப்படியிருக்க, என் பாவத்தை ஆழத்தில் போட்டவர் சும்மா இருக்க, அவன் பாவத்தை எடுக்க நான் வருஷாவருஷம் மூச்சுப் பிடித்து முங்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடித்து, டைரியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கொள்ளிடத்துக்குப் போனேன். பாலத்து மேலேயிருந்து வீசிவிடலாம் என்று நினைப்பு. சாட்சி சொல்லவும் நன்றாயிருக்கும் பாருங்கள்! மே மாதக் கொள்ளிடத்தில் தண்ணீர் ஏது? கண்ணுக்கெட்டின தூரம் மணல். மாடு மேய்கிறது, பையன்கள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். வீசினால் ஃபீல்டிங் நிற்கிறவன் எடுத்து வாசிப்பான். திரும்பி வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. டைரியை வாங்கி, புரட்டிக்கூடப் பாராமல், வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் அந்தத் தண்ணீரில்தான் குளித்தேன். "இப்ப ஸ்ரீரங்கம் போய்ட்டு வாங்க" என்றாள்.

போனேன். தம்பி வேலையிலிருந்து வரவில்லை. அவன் மனைவி "வாங்க" என்று சொல்லி நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தாள். பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். பெரியவனுக்குப் பத்து வயசு. நான் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. எட்டு மணிக்குத் தம்பி வந்தான். வெல்டிங் வேலை, கண் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

நான் ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. "டேய், அந்தச் சங்கிலி விஷயத்தை நான் விட்டுட்டேன்டா. நீ ஒண்ணும் தரவேண்டாம்" என்றேன். மன்னிப்புக் கேட்கப் போனவன், மன்னிப்பு வழங்குகிறவனாகப் பேசினேன். அந்த நேரத்திலும் மாம்சம் மாம்சம்தான்.

அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, "அண்ணே, அது 2015-லேயே முடிஞ்சிபோச்சே" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. அம்மா உயிரோடு இருக்கும்போதே மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கை கையில் கொடுத்து வந்திருக்கிறான். அம்மா போன பிறகும் நிறுத்தவில்லை. கடைசித் தவணைக்குப் பதிலாக ஏழு பவுனுக்கு என்ன குறைகிறதோ அதைச் சேர்த்து, சங்கிலியாகவே செய்து கொடுத்துவிட்டான். "உங்கிட்ட சொல்லச் சொல்லி அம்மா சொன்னாங்க. குழி கிட்ட சொல்லலாம்னு பார்த்தேன். நீ திரும்பிக்கிட்ட."

அன்றைக்கே புதுக்கோட்டையிலிருக்கிற தங்கைக்கு போன் போட்டு, ஏன்மா எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கவே இல்லையே அண்ணே" என்றாள்.

பிரியமானவர்களே, இல்லாத கடனுக்கு நான் மூன்று வருஷம் விலை ஏற்றிக்கொண்டிருந்தேன். 2016 ஜனவரி, 2017 ஜனவரி, 2018 ஜனவரி. பிளாக்கெட் செத்த பிறகும் அவன் எழுத்தைக் கட்டியில் அடித்துக்கொண்டிருந்தார்களே, அதைக் கேலி பண்ணவா எனக்கு யோக்கியதை? அன்று ராத்திரி நான் முறையாக மன்னிப்புக் கேட்டேன். "சரிண்ணே" என்றான். அவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழுதோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். அழவில்லை. பதினொரு வருஷம் பேசாதவர்களுக்குப் பேச என்ன இருக்கும்? பிள்ளைகள் எந்த வகுப்பு, வாடகை எவ்வளவு என்று கேட்டுவிட்டு வந்தேன். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் நான்தான் போன் பண்ணினேன், அவன் பண்ணவில்லை. பதினொரு வருஷம் நான் காக்க வைத்தவன், இரண்டு மாதம் காத்திருந்தால் என்ன என்று இருந்தேன்.

அந்த ஆகஸ்டில் காவிரியில் வெள்ளம் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொள்ளிடம் கரை தொட்டு ஓடினது. 1928-ல் கட்டின பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் ராத்திரியில் சரிந்து, பாலத்தின் ஒரு பகுதி ஆற்றுக்குள் போனது. போக்குவரத்து முன்னமே புதுப்பாலத்துக்கு மாறியிருந்தபடியால் ஆட்சேதம் இல்லை. நாலு நாளில் முக்கொம்பில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின.

பாலம் விழுந்த மறுநாள் காலையில் என் போன் அடித்தது. தம்பி. அவனாகக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, தண்ணி பாத்தியா?"

"இல்லடா. வேலைக்குக் கிளம்புறேன்."

"லீவு போட்டுட்டு வாண்ணே. அப்பா நம்மள சைக்கிள்ல வச்சிக் கூட்டிட்டுப் போவாரே, அந்தப் பாலம்ணே."

போனேன். கரையிலே திருவிழாக் கூட்டம். போலீஸ்காரர்கள் கிட்டே விடவில்லை. அவன் சின்னப் பையனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். மே மாதத்தில் மாடு மேய்ந்த இடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போயிற்று. வேரோடு மரங்கள் வந்தன. இரும்புப் பாலம் நடுவில் வளைந்து தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவன் பையனை இறக்காமலே என் பக்கம் திரும்பி, "இவனக் கொஞ்சம் பிடிண்ணே, கை வலிக்குது" என்றான். வாங்கிக்கொண்டேன். நல்ல கனம்.